சாட் நாட்டு மழையும் எங்கள் யானையும்

அந்தப் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டவை காட்டெருமைகள்தான். பாளம் பாளமாக வெடித்த சேற்றுக்கு நடுவில் கொஞ்சம் பழுப்புத் தண்ணீர் மிச்சமிருந்தது. அதைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் எருமைகள் நின்றன. அவற்றின் முதுகுகளுக்குப் பின்னால், புழுதிக்குள்ளிருந்து, யானைகள் வந்துகொண்டிருந்தன.

இங்கே சித்திரை வெயில். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் மின்விசிறி சூடான காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. நான் மடிக்கணினித் திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து யானைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நின்ற ஒரு பெண் யானை வலது முன்னங்காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். பாதத்துக்குச் சற்று மேலே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே கால் உருண்டையாக வீங்கியிருந்தது.

“மாமா! கொஞ்சம் மேல வாங்களேன். இந்த யானை கால்ல இன்னாவோ சுத்திக்கினு இருக்குது!”

மாமா என்றால் என் கணவரின் அப்பா. முழங்கால் வலிக்கிறது என்று மாடிப்பக்கமே தலைகாட்டாதவர், கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“கம்பிம்மா. கண்ணி வெச்சிருக்கானுங்க. மான் பிடிக்க வெச்ச கண்ணியில இது கால வுட்டுடுச்சி.”

“இத அந்தப் பூங்காக்காரங்க பாத்திருப்பாங்களா?”

“அங்க எத்தினி யானை இருக்குது! யாரு பாத்தா, யாரு பாக்கல, உனக்கு எப்டி தெரியும்? நீ எழுது. உடனே எழுது!”

நாங்கள் எப்படி இந்த யானைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாமா இளம் வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்பார்கள். பணியில் இருந்தபோது கொஞ்ச காலம் ஆப்பிரிக்காவில் சாட் நாட்டில் இருந்திருக்கிறார். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், “மணலு, லாரி, ஈ” என்பார். யானை இருக்கிற ஊரில் இருந்துவிட்டு ஒரு யானையைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்ற ஆதங்கம் அவருக்கு உண்டு. அவரோடு பட்டாளத்தில் இருந்த பிரெஞ்சு நண்பர் ஒருவர் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை அனுப்பினார். சாட்டின் தெற்குப் பக்கம் உள்ள ஒரு பெரிய காட்டுயிர்ப் பூங்காவின் இணையதளம் அது.

அங்கே மரங்களில் கேமராக்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சூடான உடம்போடு எது முன்னால் நடந்தாலும் கேமரா தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். பூங்கா ஆட்கள் அவ்வப்போது போய் படங்களை எடுத்து வந்து தளத்தில் ஏற்றுவார்கள். ஒவ்வொன்றிலும் என்ன விலங்கு, எத்தனை, குட்டி உண்டா என்று பார்த்துக் குறிக்க அவர்களிடம் ஆட்கள் போதாது. அதனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடி அந்த வேலையைச் செய்து கொடுக்கலாம். தளம் முழுக்க பிரெஞ்சு. நான் வீட்டிலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் சாயங்காலம்தான் வருவார்கள். பகல் பொழுது எனக்கும் மாமாவுக்கும் சொந்தம்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தளம் எனக்கு வெவ்வேறு மாதத்துப் படங்களைக் கலந்து காட்டியது. சில படங்களில் ஒரு குட்டையைச் சுற்றி எருமையும் மானும் ஒட்டகச்சிவிங்கியும் காட்டுப்பன்றியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதே குட்டை, அதே சாய்ந்த மரம், இன்னொரு படத்தில் தண்ணீருக்குள் பாதி மூழ்கிக் கிடக்கும். ஒரு கொக்கைத் தவிர ஒன்றும் இருக்காது. கேமரா கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மாமா அதையும் தாண்டி, “வேட்டைக்காரனுங்க அல்லாத்தையும் சுட்டுட்டானுங்க” என்று பெருமூச்சு விட்டார்.

ஒருநாள் படத்தின் அடியில் இருந்த மாதத்தை மட்டும் கவனித்துக்கொண்டே வந்தேன். மார்ச், ஏப்ரல் என்றால் கூட்டம். ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் வெறுமை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “மாமா, யாரும் சாகல! அதுங்க கிளம்பிப் போயிடுதுங்க! மழை வந்தா போயிடுதுங்க, காஞ்சா திரும்பி வருதுங்க!” என்று கத்தினேன்.

மாமா தலையில் தட்டிக்கொண்டார். “அட ஆமா! கரீஃப்!”

கரீஃப் என்றால் அந்த ஊர் அரபியில் மழைக்காலம். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை அவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை. அந்த மண் கரிசல் போன்ற களிமண். நாலு நாள் பெய்தால் சமவெளி முழுக்க ஏரியாகிவிடும். யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கால் புதையும், கடிக்கிற ஈக்கள் மொய்க்கும். வெளியே மேட்டு நிலங்களில் புதுப்புல்லும் தழையும் முளைத்திருக்கும். எல்லாப் பள்ளத்திலும் தண்ணீர் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதனால் பூங்காவின் எல்லையைத் தாண்டிப் பரவிப்போகின்றன. மழை நின்று, வெளியே பள்ளங்கள் வற்றும்போது, பூங்காவுக்குள் இருக்கிற ஆற்று மடுக்களை நோக்கி ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. வறட்சி முற்ற முற்ற தண்ணீர் சுருங்குகிறது, கூட்டம் நெருங்குகிறது. நான் பார்த்த அந்த நெரிசல் அதுதான். காரணங்களை மாமாவும் தளமும் பிறகு சொன்னாலும், அவை போய் வருவதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், படம் படமாகத் தள்ளிப் பார்த்தே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன நாட்கள் உண்டு.

சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிற என் கணவர் வீட்டுக்கு வந்தால் தலையில் அடித்துக்கொள்வார். “நம்ம வீட்டு மோட்டாரு ரிப்பேராகி ஒரு வாரம் ஆச்சி. மாமனாரும் மருமகளும் யானைக்குத் தண்ணி இருக்குதான்னு பாத்துக்கினு இருக்கீங்க.”

கம்பி சுற்றிய யானையைப் பற்றி அன்றைக்கே எழுதினேன். மாமா பக்கத்தில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தம் சொன்னார். அவருடைய பட்டாள பிரெஞ்சில் எல்லாமே கட்டளைகளாக வந்ததால், நான் அவற்றை வேண்டுகோள்களாக மாற்றிக்கொண்டேன். மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் பூங்காவின் கால்நடை மருத்துவர், அந்த நாட்டுப் பெண். “இதை நாங்கள் பார்க்கவில்லை. மிக்க நன்றி. வேறு படங்களில் இவள் இருந்தால் உடனே சொல்லுங்கள். அடையாளம் ஏதாவது கிடைக்குமா?” என்று கேட்டிருந்தார்.

அடையாளம் கிடைத்தது. இடது காதின் கீழ் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு கிழிசல், யாரோ ஒரு வாய் கடித்துவிட்டுப் போன தோசை மாதிரி. பக்கத்தில் எப்போதும் ஒரு குட்டி. மாமா அவளுக்குக் ‘காதுக்காரி’ என்று பெயர் வைத்தார். பழைய படங்களில் தேடினோம். பிப்ரவரி மாதத்துப் படம் ஒன்றிலும் அவள் காலில் கம்பி இருந்தது. மருத்துவர் சொன்னார்: போன மழைக்காலத்தில் பூங்காவுக்கு வெளியே போனபோதுதான் மாட்டியிருக்க வேண்டும். பூங்காவுக்குள் காவல் இருக்கிறது. வெளியே வயலும் மனிதர்களும் கண்ணிகளும். மழை யானைகளைத் தள்ளிக்கொண்டு போய் விடுகிற இடம் அது.

அதன் பிறகு ஒரே ஓட்டம். மழை வருவதற்குள் அவளைப் பிடிக்க வேண்டும். அவள் தண்ணீருக்கு வருகிற குட்டை எது, எந்தப் பொழுதில் வருகிறாள் என்று நாங்கள் படங்களைப் பார்த்துச் சொன்னோம். மருத்துவர் தன் ஆட்களோடு போனார். வறட்சியின் உச்சத்தில் யானைகள் எல்லாம் ஒரே பெருங்கூட்டமாகச் சேர்ந்து நின்றதால் நடுவில் இருந்தவளை நெருங்கவே முடியவில்லை. மயக்க ஊசி போட்டால் மற்றவை மிதித்துவிடும் அபாயம். மறுபடி போனார்கள். அன்றைக்கு அவள் கண்ணிலேயே படவில்லை.

“இன்னொரு வாட்டி போவாங்க மாமா,” என்றேன்.

“மேகத்தப் பாக்கச் சொல்லு. அங்க ஒருக்கா ஆரம்பிச்சா நிக்காது.”

அவர் சொல்லி முடித்த வாரத்திலேயே மருத்துவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜீப்பின் சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில். கீழே எழுதியிருந்தார்: “இந்த வருடம் மழை முந்திக்கொண்டது. கூட்டம் கிளம்பிவிட்டது. இனிமேல் நிலம் காய்ந்த பிறகுதான்.”

நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே பத்துமணிக்கே தார் உருகுகிற வெயில். எங்கள் தெருவில் ஒரு சொட்டு மழை விழாதா என்று எல்லாரும் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் மாமாவும் மட்டும் மழை பெய்துவிட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் அன்று கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மாமா வழக்கம்போல பதக்கங்களை மாட்டிக்கொண்டு போனார். நானும் துணைக்குப் போனேன். பழைய சொல்தாக்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். விழா முடிந்ததும் மாமாவைச் சுற்றி ஒரு வட்டம் கூடிவிட்டது. அவர் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“உன் யானை இன்னா ஆச்சி?” என்று ஒருவர் கேட்டார்.

“கரீஃப்ல மாட்டிக்கிச்சி. ஜீப்பே போவாது.”

“எப்டி போவும்? நம்ம லாரி ஒண்ணு அங்க பொதைஞ்சிதே, ஞாபகம் கீதா? மழை நிக்கிற வரைக்கும் அங்கியேதான கெடந்திச்சி!”

“ஹெலிகாப்டர் வுடச் சொல்லுப்பா,” என்றார் இன்னொருவர்.

“மேகம் தாழ இருந்தா எங்க வுடுறது? நீ சமையல்ல இருந்தவன், உனக்கு இன்னா தெரியும்?”

வெயிலில் பதக்கங்கள் பளபளக்க, வியர்வை வழிய, அத்தனை பேரும் சாட்டின் சேற்றைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிளம்பும்போது நாலைந்து பேர் என்னிடம் வந்து, “சேதி வந்தா சொல்லும்மா” என்று தங்கள் எண்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாதங்களில் வந்த படங்கள் வேறு மாதிரி இருந்தன. தாழ்வான கேமராக்களை வெள்ளத்துக்குப் பயந்து கழற்றிவிட்டார்கள். மேட்டில் இருந்த சிலவற்றிலிருந்துதான் படம் வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் புல். அதற்குள்ளிருந்து ஒரு மானின் கொம்பு நுனி மட்டும் தெரியும். சில மான்கள் அந்த ஈரத்திலும் போகாமல் மேட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தன. எல்லாமும் ஒரே மாதிரி போவதில்லை, ஒவ்வொரு விலங்குக்கும் மழையோடு ஒவ்வொரு கணக்கு என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஆனால் யானை என்று ஒன்றுகூட இல்லை. சும்மாவாவது காட்டேன் என்று அந்தப் புல்லைத் திட்டுவேன்.

மழை அங்கே நின்று இங்கே பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முன்பே எங்கள் தெருவில் சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றானது. அந்த நேரத்தில்தான் மருத்துவர் எழுதினார்: சில யானைகளின் கழுத்தில் இருக்கும் இடங்காட்டிப் பட்டைகள் பூங்காவுக்குள் வந்துவிட்டன. பெருங்கூட்டம் திரும்புகிறது!

மாமா உடனே எல்லாருக்கும் போன் போட்டார். நாங்கள் தினமும் காத்திருந்தோம். படங்கள் வந்தன. மஞ்சள் பாரித்த புல்லை மிதித்துச் சாய்த்துக்கொண்டு யானைகள், அவற்றின் பின்னால் குட்டிகள், மழைக்காலத்தில் தின்று கொழுத்து எல்லாமே தளதளவென்று இருந்தன. ஒவ்வொரு காதாகப் பார்த்தோம். கிழிசல் இல்லை. இன்னொரு தொகுதி வந்தது. அதிலும் இல்லை. மருத்துவர் விமானத்தில் போய்ப் பார்த்தாராம், கூட்டத்தில் அவள் இல்லை என்று எழுதினார். மாமா இரண்டு நாள் மாடிக்கே வரவில்லை. முழங்கால் வலி என்றார்.

கார்த்திகையில் ஒரு புயல் மழை வந்தது. ராத்திரியெல்லாம் கொட்டி, விடிந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை, இணையம் இல்லை. இரண்டு நாள் கழித்து மழை விட்டு, தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய பொழுதில், என் போனில் எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல் வந்து, ஒரு செய்தி விழுந்தது. மருத்துவரிடமிருந்து.

“வடக்கு ஓரத்துக் கேமராக்களின் படங்களை ஏற்றியிருக்கிறோம். ஒரு சின்னக் குழு தனியாக வந்திருக்கிறது. நான் இன்னும் முழுவதும் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.”

தளத்தைத் திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு படம்கூட வரவில்லை. சார்ஜ் வேறு தீரும் நிலை.

“நெல்லித்தோப்புல தங்கச்சி வீட்டுல கரண்ட் வந்துடுச்சாம், நெட்டும் இருக்குதாம். நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் மாமா.”

“நானும் வரேன்.”

“இந்தத் தண்ணியிலயா? விழுந்து வெச்சீங்கன்னா உங்க புள்ள என்னத்தான் கேப்பாரு.”

“சாட்டுல மார் ஒசரம் தண்ணியில துப்பாக்கியத் தலைல வெச்சிக்கினு நடந்தவன் நான். வண்டிய எடும்மா!”

மடிக்கணினியை பிளாஸ்டிக் பையில் சுற்றி மாமா மார்போடு அணைத்துக்கொண்டார். ஸ்கூட்டரைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போனேன். தண்ணீருக்குள் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று தெரியவில்லை. மாமா தண்ணீரில் கால் வைத்து முன்னால் நடந்து, “இப்டி வா, இப்டி வா” என்று எனக்கு வழி காட்டினார். பெரிய சாலைக்கு வந்ததும் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து தெறித்தது. பின்னாலிருந்து அவர் ஏதோ பிரெஞ்சுப் பட்டாளப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் பயமெல்லாம் போய் குஷி பிடித்துக்கொண்டது.

தங்கச்சி கதவைத் திறந்து எங்கள் கோலத்தைப் பார்த்து பயந்துபோனாள். “யாருக்கு இன்னாக்கா ஆச்சி?”

“ஒண்ணும் ஆகல. உன் நெட் பாஸ்வேர்டு இன்னா, சொல்லு!”

ஈரத் துணியோடு அவள் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து திறந்தோம். படங்கள் ஓடின. மான். காட்டுப்பன்றிக் குடும்பம். ஒட்டகச்சிவிங்கியின் கால்கள் மட்டும். மான். மான். புல் அசைந்ததைப் பார்த்து ஏமாந்து கேமரா எடுத்த வெறும் படங்கள் ஏராளம். தங்கச்சி காபி கொண்டு வந்து வைத்தாள், ஆறிப்போனது. பிறகு விடிகாலை வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தில் புல்லைப் பிளந்துகொண்டு ஒரு தும்பிக்கை. அடுத்ததில் ஒரு முதிய பெண் யானை. அடுத்தது. அடுத்தது. கடைசியாக, மற்றவற்றுக்கு வெகு தூரம் பின்னால், தனியாக ஒன்று.

காது.

“காதுக்காரி!” என்று மாமா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “வந்துட்டா! வந்துட்டாம்மா! குட்டியப் பாரு, குட்டியும் கூடவே வருது!”

நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஒன்றும் தெரியாத தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள். காலைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. கம்பி அப்படியே இருந்தது. முன்னைவிட ஆழமாகச் சதைக்குள் போயிருந்தது. எலும்பும் தோலுமாக அவள் மட்டும் இளைத்துப் போயிருந்தாள். மற்றவற்றுக்குத் தீனி கொடுத்த மழைக்காலம் இவளுக்கு வெறும் நொண்டலாகப் போயிருக்கிறது. இவளால் வேகமாக நடக்க முடியாததால் இவளுடைய சொந்தக்கார யானைகளும் பெருங்கூட்டத்தை விட்டு மெதுவாக வந்திருக்கின்றன. அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். பிறகு மருத்துவரும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

படத்தின் எண்ணையும் இடத்தையும் அங்கிருந்தே அனுப்பினேன். பதில் உடனே வந்தது: “பார்த்துவிட்டேன்! சின்னக் குழு. இப்போது நெருங்க முடியும். நிலம் காயட்டும், இதோ போகிறோம்.”

பொங்கல் விடுமுறையில் என் கணவரும் வீட்டில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் என் போன் மினுக்கியது. ஒரு வீடியோ. அதன் மேல் ‘பாருங்கள்’ என்று பிரெஞ்சில் ஒரே ஒரு சொல். என்ன நடந்தது என்று எழுதவில்லை. எச்சில் கையோடு மூன்று பேரும் போனைச் சுற்றிக் குனிந்தோம்.

ஜீப்பின் மேலிருந்து யாரோ எடுத்த வீடியோ. துப்பாக்கிச் சத்தம் ‘டப்’ என்று மெல்லியதாகக் கேட்டது. காதுக்காரியின் பின் தொடையில் சிவப்புக் குஞ்சம் வைத்த ஊசி நின்றது. அவள் கொஞ்ச தூரம் நடந்தாள், தள்ளாடினாள், ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்தாள். மற்றவை அலறிக்கொண்டு சுற்றின. இன்னொரு ஜீப் ஹாரன் அடித்து அவற்றைத் தள்ளி ஓட்டியது. குட்டி மட்டும் போகவில்லை. அம்மாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு நின்று, ஆட்களைப் பார்த்துக் காதை விரித்து மிரட்டியது.

“டேய், வுட்டுட்டு போடா! உங்கம்மாவுக்குத்தான் வைத்தியம் பண்றாங்க,” என்றார் என் கணவர். இத்தனை மாதமும் தலையில் அடித்துக்கொண்டவர்.

கடைசியில் இரண்டு பேர் பச்சைத் துணியை விரித்து வீசிக் காட்டி அதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். மருத்துவர் ஓடி வந்தார். கறுப்பு நிறம், கட்டுமஸ்தான பெண், தலையில் துணி. தும்பிக்கை நுனியில் ஒரு குச்சியை வைத்து மூச்சு அடைக்காமல் திறந்து வைத்தார்கள். காதை மடித்துக் கண்ணின் மேல் போட்டு மூடினார்கள். ஒருவர் உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பெரிய கத்தரி ஒன்றைக் கம்பிக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார்கள். நுழையவில்லை. சதை மூடியிருந்தது. மருத்துவர் மண்டியிட்டு, விரலாலேயே தோண்டித் தேடினார். மாமா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. சாயங்காலம்தான் தோள் வலித்தது.

கம்பி அறுந்தது. அதை உருவி எடுத்தபோது கேமரா பிடித்தவரே ஏதோ கத்தினார். புண்ணைக் கழுவி மருந்து போட்டார்கள், ஊசிகள் போட்டார்கள். பிறகு காதின் பின்புறத்து நரம்பில் மயக்கம் தெளிகிற ஊசி. எல்லாரும் ஜீப்புக்கு ஓடினார்கள்.

அவள் அசையவில்லை.

“எழுந்திரு,” என்றார் மாமா. “எழுந்திரும்மா.”

காது ஒரு முறை ஆடியது. தும்பிக்கை சுருண்டது. முன்னும் பின்னும் ஒரு முறை உருண்டு, உந்தி, எழுந்தே விட்டாள்! அந்தக் காலைத் தரையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். குட்டி ஓடி வந்து அவள் கால்களுக்கு நடுவில் புகுந்தது. இரண்டும் மற்றவை போன திசையில் புதருக்குள் மறைந்தன.

எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. மாமா எழுந்து நின்று சல்யூட் அடித்தார், போனைப் பார்த்து. பிறகு மருத்துவரே வீடியோ அழைப்பில் வந்தார். புழுதி படிந்த முகம், வாய் நிறையச் சிரிப்பு. அறுத்தெடுத்த கம்பியைத் தூக்கிக் காட்டினார். ஒரு மோட்டார்சைக்கிள் கிளட்ச் வயர். நான் சொல்ல வைத்திருந்த நல்ல பிரெஞ்சு வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய், ‘மெர்சி, மெர்சி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு, தெற்கே மழையில் லாரி புதைந்த சாலை இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறதாம், இன்னும் புதைகிறதாம். இரண்டு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த வறட்சி மாதங்களில் அவளைப் பல முறை பார்த்தோம். மாசியில் நொண்டல் குறைந்தது. பங்குனியில் பெருங்கூட்டத்தோடு சேர்ந்து அதே வற்றிய குட்டையில் எருமைகளை விரட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். கணுக்காலில் வளையல் போட்டது போல ஒரு தழும்பு மட்டும் இருந்தது. மாமா அந்தப் படத்தை எல்லாச் சொல்தாக்களுக்கும் அனுப்பினார். என் கணவர் இப்போது ஷிப்ட் முடிந்து வந்தால், “புதுசா படம் வந்துதா?” என்று கேட்டபடிதான் செருப்பைக் கழற்றுவார். மான் வகைகளில் அவருக்கு இன்னும் குழப்பம் உண்டு. எல்லாவற்றையும் ‘புள்ளிமான்’ என்று குறித்துவிடுவார். அந்தக் காட்டில் புள்ளிமானே கிடையாது.

இந்த வருடம் மழை அங்கே அதன் நேரத்துக்கு வந்தது. முதல் தூறலுக்குப் பிறகு எடுத்த படங்கள் நேற்று ஏறியிருந்தன. கறுத்த வானம், ஈரத்தில் மின்னும் தரை, வடக்கே நடக்கிற யானைகளின் நீண்ட வரிசை. நடுவில் அவள், நாலு காலும் தரையில் பதிய. இன்னும் சில மாதங்களுக்கு அவள் எங்கள் கண்ணில் படமாட்டாள். வெளியே கண்ணிகள் இன்னும் இருக்கும். மருத்துவரின் ஆட்கள் மழைக்கு முன்பே பூங்காவுக்கு வெளியே உள்ள ஊர்களில் நடந்து நடந்து நிறையக் கம்பிகளை எடுத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் எடுத்திருக்க முடியாது. அது தெரிந்தும்கூட, அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் பொங்கியது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆசையாகப் போகின்றன! குட்டி இப்போது அம்மாவின் தாடை உயரம் வளர்ந்து, வரிசையை விட்டு விலகித் துள்ளிக்கொண்டு போகிறது.

கீழே டியூஷன் பிள்ளைகள் வந்து, “மிஸ், மிஸ்” என்று கூப்பிட்டார்கள். “தோ வந்துட்டேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மாமாவும் பார்க்கட்டும் என்று படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.